ஓடும் கணக்கை எப்போது மூடுவது?

2025 ஆகஸ்ட் மாதத்தில் இந்தியாவில் நடந்த யூபிஐ பரிவர்த்தனைகள் 2,000 கோடியைத் தாண்டின. சராசரி போட்டுப் பார்த்தால் நொடிக்கு 7,400க்கு மேல். டீக்கடையில் ஸ்கேன் செய்யும் 15 ரூபாயும் சரி, மகனின் கல்லூரிக் கட்டணமும் சரி, ஒவ்வொன்றும் ஒரு பதிவு: எந்த வங்கியிலிருந்து எந்த வங்கிக்கு, எத்தனை மணிக்கு, பணம் போய்ச் சேர்ந்ததா இல்லையா. முன்பெல்லாம் இத்தகைய பதிவுகளைப் பகல் முழுக்கச் சேர்த்துவைத்து, இரவில் கூட்டிக் கழித்து, காலையில் அறிக்கையாகக் கொடுப்பார்கள். காலை 11 மணிக்கு ஒரு வங்கியின் சர்வர் படுத்துவிட்டது என்பதை மறுநாள் அறிக்கையில் படித்து என்ன செய்வது? 11:02க்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான், பதிவுகள் வந்துகொண்டிருக்கும்போதே கணக்குப் போடும் நிரல்களை எழுதுகிறார்கள். இந்த முறைக்கு ஸ்ட்ரீம் பிராசசிங் என்று பெயர். அப்படி எழுதி ஓடவிடும் நிரலை ஜாப் என்பார்கள். மற்ற நிரல்கள் வேலை முடிந்ததும் நின்றுவிடும். இதற்கு வேலை முடிவதே இல்லை.

இதற்கான கருவிகள் பெரும்பாலும் கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்தவை. லிங்க்ட்இன் நிறுவனத்தில் ஜே கிரெப்ஸ், நேஹா நார்கடே, ஜுன் ராவ் ஆகியோர் உருவாக்கிய காஃப்கா 2011இல் பொதுவெளிக்குத் திறந்துவிடப்பட்டது. வருகிற பதிவுகளை வந்த வரிசையில் எழுதிவைத்து, கேட்கிற நிரல்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. அதே ஆண்டில் ட்விட்டர் ஸ்டார்ம் என்ற கருவியை வெளியிட்டது. பெர்லினில் நடந்த ஒரு பல்கலைக்கழக ஆய்வுத் திட்டத்திலிருந்து பிறந்த ஃபிளிங்க் 2014இல் அபாச்சி அறக்கட்டளையின் கீழ் வந்தது. இவற்றின் உதவியால் வேகம் இன்று பெரிய சிக்கலாக இல்லை. இன்னும் நாலு சர்வர் போட்டால் இன்னும் வேகம். ஆனாலும் இத்துறையில் பேச்சு முழுக்க வேகத்தைப் பற்றியே நடக்கிறது. என் கருத்து வேறு. ஓடும் கணக்கில் மிக ஆபத்தான கோளாறு, ஜாப் விழுந்துவிடுவது அல்ல. எல்லா விளக்கும் பச்சையாக எரிய, ஜாப் நன்றாக ஓடிக்கொண்டே தப்பான எண்ணைத் தருவதுதான் ஆபத்து. ஆகவே தன் கணக்கில் என்ன குறைகிறது என்பதைத் தானே சொல்லும்படி ஜாபைக் கட்டுவதுதான் முதல் வேலை. வேகம் அதற்குப் பிறகு.

ஓர் எளிய ஜாபை எடுத்துக்கொள்வோம். ஒரு பணப்பரிமாற்ற நிறுவனம், எந்த வங்கியில் ஒரு நிமிடத்தில் எத்தனை பரிவர்த்தனை தோற்கிறது என்று எண்ணி, 500ஐத் தாண்டினால் எச்சரிக்கை அனுப்ப விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். காஃப்காவிலிருந்து பதிவை எடு, பிரித்துப் படி, வங்கிவாரியாகப் பிரி, நிமிடத்துக்கு ஒரு கூடு போட்டு எண்ணு, கூடு மூடியதும் எண்ணிக்கையை வெளியே அனுப்பு. விண்டோ என்று சொல்லப்படும் இந்தக் கூடுதான் நடுநாயகம். ஐம்பது அறுபது வரிகளில் எழுதிவிடலாம். எழுதியவரின் கணினியில், பத்து நிமிட மாதிரிப் பதிவை வைத்து ஓட்டினால் அச்சு அசலாக விடை வரும். சிக்கல் எல்லாம் அதன் பிறகு, ஒரே ஒரு கேள்வியிலிருந்து கிளம்புகிறது: 11:02க்கான கூட்டை எத்தனை மணிக்கு மூடுவது?

11:03 ஆனதும் மூடிவிடலாமே என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் ஒரு பதிவுக்கு இரண்டு நேரங்கள் உண்டு. ஒன்று, பரிவர்த்தனை உண்மையில் நடந்த நேரம். மற்றது, அந்தச் செய்தி ஜாபின் கைக்கு வந்த நேரம். சிக்னல் இல்லாத இடத்தில் இருக்கும் கருவி பத்து நிமிடம் கழித்து அனுப்பும். இடையிலுள்ள ஒரு சர்வர் திணறும். ஜாபையே புதுப்பிப்பதற்காக இருபது நிமிடம் நிறுத்தி வைத்திருப்பார்கள். கைக்கு வந்த நேரத்தை வைத்து எண்ணினால், நிறுத்திய ஜாபை மறுபடி ஓடவிட்டதும், தேங்கிக் கிடந்த இருபது நிமிடப் பதிவுகளும் ஓரிரு நிமிடத்தில் வந்து கொட்டும்; அந்த நிமிடத்தில் எல்லா வங்கியும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டது போல எச்சரிக்கைகள் பறக்கும். ஆகவே நடந்த நேரத்தை வைத்துத்தான் எண்ண வேண்டும். அப்படி எண்ணினால், எல்லாப் பதிவும் வந்துவிட்டது என்று யார் சொல்வது? கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவருக்கு உள்ள அதே சங்கடம். பந்தி முடிந்து கூட்டிப் போட்டு நோட்டை மூடிய பிறகும் ஒருவர் கவரோடு வந்து நிற்பார். அவருக்காக விடிய விடிய நோட்டைத் திறந்து வைத்திருக்கவும் முடியாது. அவர் கொடுத்ததை எழுதாமல் விட்டால் கணக்கும் பொய்யாகிவிடும்.

இந்த இடத்தில் கருவிகள் தரும் உதவிக்கு வாட்டர்மார்க் என்று பெயர். கூகுள் பொறியாளர்கள் 2013இல் மில்வீல் பற்றியும், 2015இல் டேட்டாஃப்ளோ பற்றியும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகள் இந்தக் கருத்தைப் பரவலாக்கின. 'இந்த நேரத்துக்கு முந்தைய பதிவுகள் இனி வராது என்று வைத்துக்கொள்கிறேன்' என்று ஜாப் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் கோடு அது. இதுவரை வந்ததில் மிகப் புதிய பதிவின் நேரத்தைப் பார்த்து, அதிலிருந்து இரண்டு நிமிடத்தைக் கழித்து, அந்த இடத்தில் கோட்டைப் போடு என்று நாம் சொல்லிவைக்கலாம். கோடு கூட்டின் முடிவைத் தாண்டியதும் கூடு மூடும், விடை வெளியே போகும். அதன்பின் வருவது 'லேட்' பதிவு. வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் ஃபிளிங்க் அதைத் தூக்கிப் போட்டுவிடும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த இரண்டு நிமிடம் என்பது கணினி கண்டுபிடித்த உண்மை இல்லை. எத்தனை பேரின் பதிவு விட்டுப்போனால் பரவாயில்லை என்று ஒரு மனிதர் எடுத்த முடிவு. நிரலின் ஒரு மூலையில், விளக்கம் ஏதுமின்றி, ஓர் எண்ணாக அது உட்கார்ந்திருக்கும்.

இந்தக் கோடு தடம் மாறும் இரண்டு விதங்களை நெருங்கிப் பார்ப்பது பயன்படும். முதலாவது, கோடு நகராமல் நின்றுவிடுவது. காஃப்கா பதிவுகளைப் பல பார்ட்டிஷன்களாகப் பிரித்து வைக்கிறது. ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் ஒரு கோடு. எல்லாவற்றிலும் எது பின்தங்கியதோ அதையே ஜாப் தன் கோடாக எடுத்துக்கொள்ளும். யாரையும் விட்டுவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் அமைந்த விதி. வங்கிவாரியாகப் பிரித்திருந்து, ஒரு பார்ட்டிஷனில் இரண்டு சிறிய கூட்டுறவு வங்கிகள் மட்டும் விழுந்திருந்தால், பின்னிரவில் அங்கே ஒரு பதிவும் வராது. அந்தக் கோடு 2:47இல் நின்றுவிடும். ஜாபின் கோடும் 2:47தான். மற்ற வங்கிகளின் பதிவுகள் வெள்ளமாக வந்து கூடுகளில் நிறைந்தாலும் ஒரு கூடும் மூடாது, ஒரு விடையும் வெளிவராது. ஜாப் ஓடுகிறது, லாகில் பிழை இல்லை, பதிவுகள் உள்ளே போகும் எண்ணிக்கை ஏறுகிறது. எச்சரிக்கை வராததால் எல்லாம் நலம் என்றே பார்ப்பவர் நினைப்பார். அனுபவம் குறைந்தவர் மெமரியைக் கூட்டுவார், ரீஸ்டார்ட் செய்வார், இரண்டும் உதவாது. ஃபிளிங்கின் திரையில் வாட்டர்மார்க் காட்டும் பக்கத்தைத் திறந்து, சுவர்க் கடிகாரம் 3:30 காட்டும்போது அங்கே 2:47 நிற்பதைக் கண்டால் விஷயம் அரை நிமிடத்தில் விளங்கிவிடும். குறிப்பிட்ட நேரம் பதிவு வராத பார்ட்டிஷனைக் கணக்கில் சேர்க்காதே என்று சொல்லும் அமைப்பு ஃபிளிங்கில் இருக்கிறது. அதைப் போடுவதும் ஒரு முடிவுதான். அந்த வங்கியில் பரிவர்த்தனையே நடக்கவில்லையா, நடந்தும் செய்தி வழியில் மாட்டிக்கொண்டதா என்று ஜாபுக்குத் தெரியாது. இரண்டாவதாக இருந்தால், செய்தி வந்து சேரும்போது அது லேட் பதிவாகி, குப்பைக்குப் போகும்.

இரண்டாவது இதற்கு நேர் எதிர். ஒரு கடைக் கருவியில் தேதி ஒரு நாள் முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. பல பார்ட்டிஷன்களின் பதிவுகள் கலந்த பிறகு கோடு போடும்படி ஜாபை எழுதியிருந்தால், அந்த ஒரே பதிவு போதும். மிகப் புதிய பதிவு அதுதான் என்று நம்பி ஜாப் தன் கோட்டை நாளைக்கு இழுத்துக்கொண்டுபோய்விடும். அந்த நொடியிலிருந்து உண்மையான பதிவுகள் அத்தனையும் லேட். ஒன்றுகூட எண்ணப்படாது. தோல்வி எண்ணிக்கை சுழியத்துக்கு இறங்கும். எச்சரிக்கைப் பலகையைப் பொறுத்தவரை அது ஆண்டின் மிகச் சிறந்த நாள்! கைவிட்ட பதிவுகளை எண்ணிவைக்கும் அளவீடு ஃபிளிங்கில் உண்டு. தேடிப் போய்ப் பார்க்கிறவருக்குத்தான் அது கண்ணில் படும். பெறப்பட்ட நேரத்தைவிட ஐந்து நிமிடத்துக்கு மேல் முன்னால் இருக்கும் பதிவை நம்பாதே, தனியே ஒதுக்கு என்று நிரலில் எழுதியிருந்தால் இந்த விபத்து நடக்காது. நாலு வரி வேலை. ஆனால் அந்த நாலு வரியை எழுத, தன் விடை தப்பாக இருக்கலாம் என்ற சந்தேகம் முதல் நாளே வந்திருக்க வேண்டும்.

கோளாறு பார்ப்பதில் இன்னொரு பழக்கம் ஊறிக் கிடக்கிறது. இதுவே எல்லாவற்றிலும் அதிகக் கேடு செய்கிறது என்று நினைக்கிறேன். சத்தம் போடும் கோளாறைச் சத்தமில்லாத கோளாறாக மாற்றிவிட்டு, சரிசெய்துவிட்டோம் என்று போய்விடுவது. ஒரு பதிவு பாதியில் அறுந்து வருகிறது; ஜாப் அதைப் படிக்க முடியாமல் விழுகிறது; எழுந்து மறுபடி அதே பதிவைப் படித்து மறுபடி விழுகிறது. நள்ளிரவில் எழுப்பப்பட்ட பொறியாளர், படிக்க முடியாததைத் தாண்டிப் போ என்று ஒரு வரி சேர்க்கிறார். விளக்கு பச்சையாகிறது. அடுத்த வாரம் ஒரு வங்கி தன் செய்தி வடிவத்தை மாற்றும்போது, அந்த வங்கியின் பதிவுகள் மொத்தமும் அதே வரியின் வழியே மறைந்துபோகும். கீழே விழுந்தால் வலி தெரியும், இது தெரியாது. தாண்டிப் போகலாம், ஆனால் தாண்டியதை வேறொரு இடத்தில் எழுதிவைத்து, அதன் எண்ணிக்கை ஏறினால் மணி அடிக்கும்படி செய்துவிட்டுத் தாண்ட வேண்டும்.

இதற்கு இன்னும் நுட்பமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அதற்கு முன், ஜாப் விழுந்து எழும்போது தான் எண்ணியதை எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். பத்து கணினிகளில் பரவி ஓடும் ஒரு ஜாபை நிறுத்தாமலே, ஒரு கணத்தின் முழு நிலையைப் பதிவு செய்வது எப்படி? ஒரு கணினியை எழுதிவைத்துவிட்டு அடுத்ததற்குப் போவதற்குள் பதிவுகள் இடம் மாறிவிடும். இதற்கு வழி சொன்னவர்கள் மணி சாண்டியும் லெஸ்லி லாம்போர்ட்டும். கட்டுரை 1985இல் வெளிவந்தது. சாண்டி 1965இல் சென்னை ஐஐடியில் பட்டம் பெற்றவர். லாம்போர்ட் எழுதியிருப்பதன்படி, ஆஸ்டினில் ஓர் இரவு விருந்தில் சாண்டி இந்தப் புதிரைப் போட்டார். மறுநாள் காலை குளிக்கும்போது லாம்போர்ட்டுக்கு விடை கிடைத்தது. சாண்டியின் அறைக்குப் போனால் அவரும் அதே விடையோடு காத்திருந்தார். ஓடும் பதிவுகளுக்கு நடுவே ஓர் அடையாளச் செய்தியை விடு. அது தன்னைக் கடக்கும்போது ஒவ்வொரு கணினியும் தன் நிலையை எழுதிவைக்கட்டும் என்பதே அந்த விடையின் சாரம். ஃபிளிங்கின் செக்பாயிண்ட் இந்த வழியைத் தழுவியதுதான். 1985இல் இருவர் தாளில் எழுதிய விடை, இன்று விழுந்த ஜாப் விட்ட இடத்திலிருந்து எழுவதற்குக் காரணமாக இருக்கிறது. கணினித் துறையில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி தரும் தொடர்ச்சிகளில் இது ஒன்று.

செக்பாயிண்ட் இருப்பதால், ஒவ்வொரு பதிவும் சரியாக ஒருமுறை மட்டுமே கணக்கில் சேரும் என்று கருவிகள் உறுதி தருகின்றன. உறுதி உண்மைதான், அதன் எல்லை ஜாபின் வாசற்படி வரை. விழுந்து எழும் ஜாப், கடைசி செக்பாயிண்டுக்குப் பிறகு வந்த பதிவுகளை மறுபடி படிக்கும். எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பியிருப்பதால் அது இரட்டிப்பாகாது. ஆனால் அதற்குள் அனுப்பிவிட்ட எஸ்எம்எஸ்ஸைத் திரும்பப் பெற முடியுமா? இரண்டாவது தடவை போகத்தான் செய்யும். விடையை மறுபடி காஃப்காவிலேயே எழுதினால், 2017 முதல் அதிலுள்ள டிரான்சாக்‌ஷன் வசதியைப் பயன்படுத்தலாம்: செக்பாயிண்ட் முடியும்வரை விடைகள் தற்காலிகமாக இருக்கும், முடிந்ததும் உறுதியாகும். இங்கேதான் நான் சொன்ன எடுத்துக்காட்டு வருகிறது. இப்படி உறுதியாகாமல் எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதற்கு ஃபிளிங்க் தானாக வைத்துக்கொள்ளும் அளவு ஒரு மணி நேரம். காஃப்கா சர்வர் தானாக அனுமதிக்கும் உச்சம் 15 நிமிடம். இரண்டும் ஒத்துப்போகாததால் ஜாப் தொடங்கவே தொடங்காது. பிழைச் செய்தி சத்தமாக வரும். அவசரத்தில் இருப்பவர் ஃபிளிங்க் பக்கத்து எண்ணை 15 நிமிடமாகக் குறைப்பார், ஜாப் ஓடும், பாராட்டும் கிடைக்கும். பிறகு ஒருநாள் ஜாப் விழுந்து எழ இருபது நிமிடம் ஆனால், உறுதிக்குக் காத்திருந்த விடைகளைக் காஃப்கா ரத்து செய்திருக்கும். அவை திரும்ப வராது. சரியான வழி சர்வர் பக்கத்து உச்சத்தை உயர்த்துவது. அதற்கு வேறொரு குழுவிடம் கேட்டு இரண்டு நாள் காத்திருக்க வேண்டியிருக்கும்.

வேகம் குறைவதால் வரும் கோளாறுகள் இவற்றோடு ஒப்பிட்டால் நேர்மையானவை. ஏதோ ஒரு படி திணறினால், அதற்கு முன்னுள்ள படிகள் தாமாகவே காத்திருக்கும். பேக்பிரஷர் என்பது இதுதான். ஃபிளிங்கின் வரைபடத்தில் காத்திருக்கும் படிகள் கறுப்பாகவும், மூச்சு முட்ட வேலை செய்யும் படி சிவப்பாகவும் தெரியும். கறுப்புகளைத் தொடர்ந்துபோய், முதல் சிவப்பில் நின்றால் ஆள் அகப்பட்டுவிடும். பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும்: ஒவ்வொரு பதிவுக்கும் வெளியே ஒரு டேட்டாபேஸிடம் போய்க் கேட்டுவிட்டு வருவது, அல்லது நாட்டின் மிகப் பெரிய வங்கியின் பதிவுகள் அத்தனையும் ஒரே கணினியின் தலையில் விழுவது. இரண்டுக்கும் தீர்வுகள் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன.

ஓடும் கணக்கு முதலில் தரும் விடை தப்பாகும்போது என்ன ஆகும் என்பதற்கு, உயிர்களை விலையாகக் கொடுத்த ஒரு சான்று ஜப்பானில் இருக்கிறது. 2011 மார்ச் 11 பிற்பகல் 2:46க்கு நிலநடுக்கம். ஜப்பான் வானிலை முகமை 2:49க்கே முதல் சுனாமி எச்சரிக்கையை விடுத்தது. மூன்று நிமிடம், வேகத்தில் குறை சொல்லவே முடியாது. அந்த மூன்று நிமிடத்தில் கிடைத்த பதிவுகளை வைத்து அளவை 7.9 என்று கணித்தார்கள். உண்மையில் அது 9.0. அவர்கள் பயன்படுத்திய விரைவுக் கணிப்பு முறை, மிகப் பெரிய நிலநடுக்கங்களைக் குறைத்தே காட்டும் இயல்புடையது. அதன்படி மியாகிக்கு 6 மீட்டர், இவாத்தேக்கும் ஃபுகுஷிமாவுக்கும் 3 மீட்டர் அலை என்று அறிவித்தார்கள். சற்று நேரத்தில் இன்னும் துல்லியமான கணிப்பு வந்திருக்க வேண்டும். அதற்குரிய கருவிகளோ அதிர்வைத் தாங்காமல் அளவு எல்லையைத் தாண்டிப்போயிருந்தன. கடலில் மிதந்த ஜிபிஎஸ் கருவிகள் நீர்மட்டம் ஏறுவதைக் காட்டிய பிறகு, 3:14க்கு மியாகிக்கு 10 மீட்டருக்கு மேல், மற்ற இரண்டுக்கும் 6 மீட்டர் என்று திருத்தினார்கள். 3:30க்கு மேலும் உயர்த்தினார்கள். அதற்குள் பல ஊர்களில் மின்சாரம் போயிருந்தது. முதல் எண்ணைக் கேட்ட பலருக்குத் திருத்திய எண் போய்ச் சேரவில்லை.

இதற்குப் பிறகு முகமை செய்ததைத்தான் ஒவ்வொரு ஸ்ட்ரீம் ஜாப் குழுவும் படிக்க வேண்டும். கருவிகளைக் கூட்டினார்கள் என்பது ஒருபுறம். முக்கியமான மாற்றம் 2013 மார்ச்சில் வந்தது: அளவு 8ஐத் தாண்டக்கூடும், விரைவுக் கணிப்பை நம்ப முடியாது என்று தெரிகிற வேளையில், முதல் எச்சரிக்கையில் மீட்டர் கணக்கே சொல்வதில்லை. மிகப் பெரிய அலை வருகிறது என்று சொல்லி, ஓடுங்கள் என்கிறார்கள். எண் பிறகு வரும். தன் கணிப்பு முழுமையாகவில்லை என்பதை அந்த அமைப்பு தன் வெளியீட்டிலேயே காட்டுகிறது. வங்கிவாரியாகப் பிரிப்பது போன்ற விஷயம்கூட அங்கே பெரிய சோதனையானது. 2018 ஜனவரி 5 அன்று இபராக்கி அருகிலும் தொயாமாவிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இரண்டு சிறு நிலநடுக்கங்கள் ஏற்பட்டன. இரண்டின் பதிவுகளையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்ட நிலநடுக்க எச்சரிக்கை அமைப்பு, பெரிய நிலநடுக்கம் என்று தோக்கியோ வரை கைபேசிகளை அலறவிட்டது. பதிவுகள் சரி, கணக்கு சரி. எது எதோடு சேரும் என்ற முடிவு தப்பு.

இத்தனை சிக்கல் எதற்கு, பழையபடி இரவில் கணக்குப் போட்டால் போகாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பல இடங்களில் அவர்கள் கேட்பது நியாயம். மாத விற்பனை அறிக்கைக்கும் சம்பளக் கணக்குக்கும் ஓடும் ஜாப் எழுதுவது வீண் செலவு. ஆனால் இரவுக் கணக்கில் தாமதப் பதிவுச் சிக்கல் இல்லை என்று நினைப்பது தப்பு. நள்ளிரவு 12க்கு நோட்டை மூடும்போது 11:58இன் பதிவு வழியில் இருக்கும். அது அடுத்த நாள் கணக்கில் சேர்ந்துவிடும், அல்லது விட்டுப்போகும். நாளுக்கு ஒருமுறை நடப்பதால் யாரும் கவனிப்பதில்லை, அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் காத்திருந்தால் என்ன, இரண்டு நிமிடத்தை இருபது ஆக்கலாமே என்பது மற்றொரு யோசனை. ஆக்கலாம், அப்போது வங்கி படுத்த செய்தி இருபது நிமிடம் கழித்து வரும், அதற்குள் கடைகளில் வரிசை நின்றுவிடும். இதற்குக் கருவிகளே ஒரு நடுவழி தருகின்றன: கூடு மூடுமுன் ஒரு தற்காலிக விடை, மூடியதும் ஒரு விடை, லேட் பதிவுகள் வந்தால் ஒரு திருத்தம். மூன்றிலும் எது எது என்று எழுதியிருக்க வேண்டும்.

இதற்கு எழும் மறுப்புதான் கனமானது. தற்காலிகம், திருத்தம் என்றெல்லாம் எழுதினால் படிப்பவர் குழம்புவார். மேலதிகாரிக்கு ஓர் எண் போதும், அது மாறிக்கொண்டே இருந்தால் எதையும் நம்பமாட்டார் என்கிறார்கள். இந்தக் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அடிக்கடி மாறும் எச்சரிக்கையை மக்கள் கேட்காமல் விடுவது உண்மை. ஆனால் நிச்சயமில்லாத நிலையை நாம் எல்லாரும் ஏற்கெனவே அன்றாடம் கையாண்டுகொண்டுதான் இருக்கிறோம். பணம் அனுப்பும்போது செயலி சில வேளை 'பெண்டிங்' என்று காட்டுகிறதே, போனது என்றும் சொல்லாமல் போகவில்லை என்றும் சொல்லாமல். கணக்கில் கழிந்த பணம் எதிர்ப்பக்கம் சேராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதி வகுத்தது: தனிநபருக்கு அனுப்பியதானால் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், கடைக்குச் செலுத்தியதானால் 5 நாளுக்குள், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. விடை இன்னும் தெரியவில்லை என்ற நிலைக்கு ஒரு பெயர், ஒரு கெடு, கெடு தவறினால் ஒரு விலை என்று மூன்றையும் அந்த விதி தந்திருக்கிறது. மக்கள் குழம்பிப்போகவில்லை. நிர்வாகப் பலகையில் தெரியும் எண்ணுக்கும் இதே மரியாதையைக் கொடுக்கலாம்: '11:02 வரை முழுமை; கைவிட்டவை 37' என்று பக்கத்தில் சிறிய எழுத்தில் போட்டால் போதும்.

திருத்தம் சொல்ல வேண்டுமானால் பழைய பதிவுகள் கையில் இருக்க வேண்டும். காஃப்கா, நாம் மாற்றிவைக்காத வரை, பதிவுகளை 7 நாள் வைத்திருந்து அழித்துவிடும். ஜாபில் ஒரு பிழை இருந்ததை ஆறாம் நாள் கண்டால், நிரலைத் திருத்தி, முதலிலிருந்து ஓட்டிச் சரியான விடையை எடுத்துவிடலாம். எட்டாம் நாள் கண்டால் முதல் நாளின் கணக்கு போனது போனதுதான். அதனால்தான் மூலப் பதிவுகளை விலை குறைந்த வேறு சேமிப்பில் தனியே எழுதிவைக்கிறார்கள். பணப் பரிவர்த்தனைப் பதிவுகளை இந்தியாவுக்குள்ளேயே வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018இல் உத்தரவிட்டிருப்பதால் அந்தச் சேமிப்பு எங்கே இருக்கலாம் என்பதும் கட்டுப்பட்டது. பெயர், கைபேசி எண் போன்றவற்றை மறைத்து எழுதும் வேலையும் சேரும். செலவு கூடத்தான் செய்யும். அந்தச் செலவை ஜாப் எழுதத் தொடங்கும் நாளிலேயே பட்ஜெட்டில் சேர்த்துவிட்ட குழுவால்தான், மூன்று மாதம் கழித்து ஒரு வங்கி வந்து, அன்று எங்கள் சர்வர் படுக்கவே இல்லை, உங்கள் எண்ணிக்கைதான் தப்பு என்று சொல்லும்போது, அந்த நாளின் பதிவுகளை மறுபடி ஓட்டிக் காட்ட முடியும்.